சாயங்காலத்தில் சிரிக்காதவள்

வேலை முடிந்து அறைக்குத் திரும்பியதும் ஊருக்கு வீடியோ கால் போடுவது வளைகுடாவில் எங்கள் வழக்கம். கடலூர் முதுநகரில் என் மனைவி போனை எடுப்பாள். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் அவள் குரல் தேயும், இடது கண் பாதி மூடிக்கொள்ளும். நான் என்ன வேடிக்கை சொன்னாலும் உதடு அசையாது. சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்பாள். எனக்குப் பொசுக்கென்று கோபம் வரும். என்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்று போனை வைத்துவிடுவேன்.

வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் காலையிலேயே பேசுவோம். அன்று மட்டும் வாய் ஓயாமல் பேசிச் சிரிப்பாள். லீவு நாளில்தான் பாசம் பொங்குமோ என்று அதையும் குத்திக்காட்டினேன். என் வாய் அப்படி.

போன வருஷம் ஊருக்கு வந்தேன். அன்று மாலை சாப்பிடும்போது தாடையைக் கையால் தாங்கிக்கொண்டு மென்றாள். மறுநாளே சிதம்பரத்துக்கு அழைத்துப் போனேன்.

அங்கே நரம்பு டாக்டர், கையுறைக்குள் ஐஸ்கட்டியைப் போட்டு, மூடிய கண்மேல் இரண்டு நிமிடம் வைக்கச் சொன்னார். எடுத்ததும் தொங்கிய இமை மேலேறியது. பிறகு பொறுமையாக விளக்கினார். நரம்பு செல்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று தொடுவதில்லையாம். நடுவே நூலிழைகூடப் போகாத இடைவெளி. இந்தப் பக்கம் ஒரு ரசாயனத்தை விடும், அந்தப் பக்கம் அதை வாங்கிக்கொள்ளும். நரம்பு தசையிடம் பேசுவதும் அப்படித்தான். இவளுடைய நரம்பு ஒழுங்காகத்தான் சேதி அனுப்புகிறது. தசையில் அதை வாங்கும் இடங்களை இவள் உடம்பே எதிரியென்று நினைத்து அடைத்துவிட்டது. ஓய்வெடுத்த காலையில் சமாளிக்கும், பொழுது போகப்போகத் தளரும். அந்த ரசாயனம் சீக்கிரம் அழிந்துபோகாமல் மாத்திரை பார்த்துக்கொள்ளும் என்றார். சில நாள் கழித்து வந்த ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது.

டாக்டரைப் பார்த்துவிட்டு அன்று திரும்பும் பஸ்ஸில் அவள் முகத்தைப் பார்க்கவே கூசியது. அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "முடியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"தெனம் சொன்னேன் மச்சான். சிரிச்சிட்டுதான் இருக்கேன்னு. நீங்க என் மூஞ்சியதான் பாத்தீங்க."

பஸ் பரங்கிப்பேட்டை ரோட்டைத் தாண்டியபோது, வளைகுடாவில் நடந்த ஒரு கூத்தைச் சொன்னேன். அவள் உதடு அசையவில்லை. சிரிக்கிறாயா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். நம்பினேன்.