லோகநாதனுக்கு இரண்டு நிமிடம்

போன சனிக்கிழமை பெரம்பலூரில் ஓர் இரங்கல் கூட்டத்தில் மாட்டிக்கொண்டேன். மறைந்தவர் பெயர் லோகநாதன். பண்பாளராம். எளிமையானவராம். வாரி வாரிக் கொடுத்தவராம். ஒரே ஒரு குறைதான் — அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

நான் போனது பாட்டுக் கச்சேரிக்கு. அதுவும் டெத் மெட்டல் கச்சேரிக்கு. கேள்விப்படாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எலெக்ட்ரிக் கிடாரும் டிரம்ஸும் தலைதெறிக்கும் வேகத்தில் போகும். பாடுகிறவர் பாட மாட்டார், அடிவயிற்றிலிருந்து உறுமுவார். கேட்கிறவர்கள் தலைமுடியை அவிழ்த்துவிட்டுத் தலையை ஆட்டுவார்கள். பேங்க் கவுன்டரில் உட்கார்ந்து டோக்கன் நம்பர் கூப்பிடுகிற ஐம்பது வயதுப் பெண்ணுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். யூசுப்தான் காரணம்.

யூசுப்புக்கு ஊர் லப்பைக்குடிகாடு. எங்கள் வீட்டுக்குப் பின்னால் காலியாகக் கிடக்கும் கார் ஷெட்டில்தான் அவனும் அவன் நண்பர்கள் மூன்று பேரும் ரொம்ப நாளாகப் பிராக்டீஸ் செய்கிறார்கள். (கார் வாங்குவதற்கு முன்பே ஷெட் கட்டிய புண்ணியவான் என் கணவர். கார் இன்னும் வரவில்லை.) குழுவின் பெயர் 'சுண்ணாம்பு'. ஏன் அந்தப் பெயர்? அரியலூருக்கு ஒரு தடவை ஜன்னலோரம் உட்கார்ந்து பஸ்ஸில் போய்வாருங்கள். இறங்கியதும் தலைமுடியைத் தொட்டுப் பாருங்கள். அந்தச் சுண்ணாம்புக்கல் தூசு, அந்த சிமென்ட் லாரிகள், ரோட்டோர வீடுகளில் விடாமல் கேட்கும் இருமல்... இவற்றைப் பற்றித்தான் அவன் தமிழில் எழுதி உறுமுகிறான். கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். வெங்காயம் நறுக்கும்போது என்னையறியாமல் உறுமுகிறேன் என்று வீட்டில் புகார்.

இத்தனை நாளில் அவர்கள் ஒரு மேடைகூட ஏறியதில்லை. யூசுப்புக்கோ விசா வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை துபாய்க்கு விமானம். மச்சான் கடையில் வேலை, கிடார் இங்கேயே இருக்க வேண்டியதுதான். ஆக, சனிக்கிழமைதான் முதல் மேடை. கடைசி மேடையும் அதுதான்.

"ஒரே ஒரு பாட்டு ஆன்ட்டி. அம்மா ஒரு தடவ கேட்டாப் போதும்" என்றான்.

ஏற்பாடு செய்தவர் குமரேசன், செல்போன் கடை வைத்திருப்பவர், இந்த இசைக்குப் பைத்தியம். சென்னையிலிருந்து இரண்டு குழு, பெங்களூரிலிருந்து ஒன்று, கடைசியில் நம்ம 'சுண்ணாம்பு'. இடம்? கல்யாண மண்டபம்! மண்டபத்து முதலாளி வாடகை வாங்காமல் கொடுத்தார். ஆனால் மூன்று நிபந்தனை போட்டார். சாயங்காலம் ஆறு மணிக்கு மாப்பிள்ளை அழைப்பு இருப்பதால் அதற்குள் காலி செய்துவிட வேண்டும். அவர் சொல்கிற பிரமுகர்களைச் சிறப்பு விருந்தினர்களாகக் கூப்பிட வேண்டும். அழைப்பிதழில் ஓர் ஆங்கில வார்த்தைகூட இருக்கக் கூடாது.

குமரேசன் என்ன செய்வார்? டெத் என்றால் மரணம், மெட்டல் என்றால் உலோகம். 'மரண உலோக இசை நிகழ்ச்சி' என்று எழுதி அச்சகத்தில் கொடுத்தார். அச்சகத்துக்காரர் முதல் வார்த்தையைப் படித்தார். அதோடு நிறுத்திக்கொண்டார். அட்டையைச் சுற்றிப் பட்டையாகக் கறுப்பு பார்டர் போட்டுக் கையில் கொடுத்துவிட்டார். காரியப் பத்திரிகைக்குப் போடுவோமே, அதே பார்டர். பையன்களுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. டெத் மெட்டலுக்குப் பொருத்தமாக இருக்கிறது என்று அப்படியே எல்லோருக்கும் அனுப்பிவிட்டார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் மண்டபம் நிறையக் கறுப்புச் சட்டைகள். திருச்சியிலிருந்தும் அரியலூரிலிருந்தும் வந்த காலேஜ் பையன்கள். மேடையில் மணமக்கள் உட்காரும் ராஜா ராணி நாற்காலிகள். அவற்றுக்கு நடுவே டிரம்ஸ். பெரிய டிரம்மின் மீது 'சுண்ணாம்பு' என்று யூசுப் கையால் எழுதியது. எல்லாக் குழுவுக்கும் இவர்களுடைய டிரம்ஸ்தான்.

எனக்குப் பக்கத்தில் யூசுப்பின் அம்மா. தலையை மூடிய வெள்ளைத் துப்பட்டியில், கையில் ஒரு தண்ணீர் பாட்டிலுடன், முதல் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

முதல் சென்னைக் குழு ஆரம்பித்தது. என்ன சொல்ல! முதல் அடியிலேயே நெஞ்செலும்பு அதிர்ந்தது. காதைப் பொத்திக்கொண்டேன். இரண்டாம் பாட்டில் கையை எடுத்தேன். மூன்றாம் பாட்டில் எனக்கு விஷயம் பிடிபட்டது — இது கோபம். தாளம் தப்பாத, சுத்தமான கோபம். எங்கள் மேனேஜரிடம் நான் பல வருடங்களாகச் சொல்ல நினைத்து விழுங்கியதையெல்லாம் அந்தப் பையன் எனக்காகச் சொல்லிக்கொண்டிருந்தான். பாட்டு முடிந்ததும் அதே பையன் "தேங்க்ஸ்ங்க" என்று கூச்சத்தோடு சொன்னதுதான் வேடிக்கை.

யூசுப்பின் அம்மா என் காதருகே குனிந்து, "நம்ம புள்ள எப்பங்க?" என்றார். கடைசியில் என்றேன்.

இரண்டாவது குழு பாடிக்கொண்டிருந்தபோதுதான் முதலாளி சொன்ன பிரமுகர்கள் மூன்று பேர் உள்ளே வந்தார்கள். அவர்கள் கண்ணில் பட்டது என்ன? மங்கலான வெளிச்சம். எங்கு பார்த்தாலும் கறுப்புச் சட்டை. மேடையில் ஒருவன் தலைவிரி கோலமாகக் குனிந்து வாய்விட்டு அலறுகிறான். கையிலோ கறுப்பு பார்டர் போட்ட அட்டை. சிறப்பு விருந்தினர் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு கும்பிட்டபடியே நடந்து வந்தார். பின்னால் ஒருவர் ஆளுயர ரோஜா மாலையோடு வந்தார்.

பாட்டு நின்றது. மூன்று பேருக்கும் பொன்னாடை. பிறகு முன்னால் வந்த அந்தச் சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்தார் பாருங்கள்...

"அன்பு நண்பர் லோகநாதன் இன்று நம்மிடையே இல்லை. நெஞ்சு கனக்கிறது."

எந்த லோகநாதன்? நான் குமரேசனைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அட்டையில் இருந்த 'உலோக' என்பதைப் பாதிப் பெயராக நினைத்து, மீதியை அவரே முடித்துக்கொண்டிருக்கிறார்!

சரி, தவறாகப் படித்தார். மனிதன் என்றால் தவறுவது சகஜம். ஆனால் பேச்சு அதோடு நிற்கவில்லையே! லோகநாதனைச் சிறு வயதிலிருந்தே தெரியுமாம். வேப்பந்தட்டைக்கு ஒரே சைக்கிளில் போவார்களாம். இரண்டாவது பிரமுகர் விடுவாரா? லோகநாதன் வீட்டில் பலமுறை சாப்பிட்டிருக்கிறாராம். மூன்றாமவர், அவர் விட்டுச்சென்ற பணிகளைத் தொடர வேண்டும் என்று பையன்களைக் கேட்டுக்கொண்டார். எந்தப் பணியை ஐயா?

குமரேசன் மேடைக்கு ஓடினார். மண்டபத்து முதலாளி அவரைக் கண்ணாலேயே உட்கார வைத்தார். நான் எழுந்து வாயைத் திறந்தேன். "பெரியவங்க பேசறப்ப குறுக்க பேசக் கூடாதுங்கம்மா" என்று மண்டபத்து மேனேஜர் வந்து என்னையும் அமர்த்திவிட்டார்.

கடைசியில் எல்லோரும் எழுந்து நின்று இரண்டு நிமிடம் மௌனம். நின்றோம். கறுப்புச் சட்டைப் பையன்கள் இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்து, இரண்டு விரலைக் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டு பக்தியோடு நின்றார்கள். மாலை போடப் படத்தைத் தேடினார் சிறப்பு விருந்தினர். படம் இல்லை. பெரிய டிரம்முக்குப் போட்டுக் கும்பிட்டுவிட்டு இறங்கினார். 'சுண்ணாம்பு' என்ற எழுத்து ரோஜாவுக்குள் மறைந்துபோனது.

பெங்களூர்க் குழுவுக்குத் திருச்சியில் ரயிலைப் பிடிக்க வேண்டும். அவர்கள் அவசர அவசரமாக வாசித்துவிட்டு, மாலை மரியாதைக்கு நன்றி சொல்லிக் கிளம்பினார்கள். யூசுப் முதல் ஆளாக மேடையேறிக் கிடாரை மாட்டிக்கொண்டபோது வாசலில் நாதஸ்வரக்காரர்கள் வந்து நின்றுவிட்டார்கள்.

நானும் குமரேசனும் மேனேஜரிடம் கெஞ்சினோம். ஒரே பாட்டு. பையன் ஊரைவிட்டுப் போகிறான். அவன் அம்மா வந்திருக்கிறார்.

"ரெண்டு நிமிஷம்கூட முடியாதுங்க. மாப்ள காரு தெருமுனைக்கு வந்துருச்சு" என்றார் மேனேஜர். சொல்லிக்கொண்டே மேடைக்குப் போகும் கரன்ட்டை நிறுத்திவிட்டார்.

யூசுப்புக்கு அது தெரியவில்லை. கண்ணை மூடிக் கம்பிகளின் மேல் ஓங்கி இழுத்தான். கரன்ட் இல்லாத எலெக்ட்ரிக் கிடாரின் சத்தம் எப்படி இருக்கும் தெரியுமா? கொசு பறக்கிற மாதிரி இருக்கும்.

முதல் வரிசையில் அவன் அம்மா அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "இதுதானாங்க? நான் என்னமோ சத்தமா இருக்கும்னு நெனச்சேன். மெதுவா, நல்லாத்தான் இருக்கு."

தலையாட்டினேன். யூசுப் கிடாரைக் கழற்றிவிட்டு, மாலையையும் எடுத்து மடித்து ஓரமாக வைத்தான். எதையும் தூக்கிப் போட்டு உடைக்கவில்லை. எனக்குத்தான் உடைக்க வேண்டும் போல இருந்தது.

கேட்கிறேன், நம் ஊர் மேடைகள் யாருக்காகக் கட்டப்பட்டவை? வாசிக்க வந்தவனுக்கா, வாழ்த்த வந்தவனுக்கா? யாருடைய நிகழ்ச்சி என்று தெரியாமலே வருகிறார்கள். யார் செத்தார் என்று தெரியாமலே கண் கலங்குகிறார்கள். நாமும் எழுந்து நிற்கிறோம்! இல்லாத மனிதருக்கு இரண்டு நிமிடம் கொடுக்க முடிந்த இந்த ஊரால், உயிரோடு கிடாரைப் பிடித்து நின்றவனுக்கு அதைக் கொடுக்க முடியவில்லை. யூசுப்பின் அம்மாவை பஸ் ஏற்றிவிட்டபோதுகூட அவர் லோகநாதனுக்காகத்தான் வருத்தப்பட்டார். பாவம், எத்தனை பேர் வந்திருந்தார்கள், நல்ல மனுஷன் போல என்றார்.

செவ்வாய்க்கிழமை யூசுப் கிளம்பிப் போனான். கிடார் எங்கள் ஷெட்டில் இருக்கிறது. ஷெட்டில் சத்தமே இல்லை. அக்கம்பக்கத்தில் நிம்மதி என்கிறார்கள். எனக்கு அந்த நிம்மதி பிடிக்கவில்லை.

கூத்துக்கெல்லாம் காரணம் என்று எல்லோரும் அச்சகத்துக்காரரைத் திட்டுகிறார்கள். நான் திட்ட மாட்டேன். அந்த அட்டையை மறுபடி எடுத்துப் பார்த்தேன்... கறுப்பு பார்டரைச் சரியாகத்தான் போட்டிருக்கிறார்.