ஏழாம் துண்டில் ஒரு குடை

"மச்சாள், அந்தக் கொப்பியை இன்னும் வைச்சிருக்கிறியோ?" என்று கனடாவிலிருந்து ராணி எழுதிய கடிதத்தில் வழக்கம்போலத் திகதி இல்லை, தபால் முத்திரையும் மழையில் கரைந்திருந்ததால், அது அச்சுவேலிக்கு வந்துசேர்ந்த நாளை நானே மூலையில் குறித்துக்கொண்டேன். யப்பானிய நடிகர் இருவர் முதன்மையாக நடித்த பேசாப் படம் ஒன்றின் பிரதி எங்கும் மிஞ்சவில்லை என்று, பழைய படங்களைத் தேடும் ஒருவர் அங்கே அவளிடம் சொன்னாராம். அது எங்கள் படமாக இருக்கலாம் என்கிறாள்.

படிக்கும்போதே கற்பூர வாசம் மூக்கில் ஏறியது. ராணியின் தகப்பன், என் மாமா, மலாயாவில் வேலைபார்த்துத் திரும்பியபோது ஒரு தகரப் 'பவுடர் பேணி'யில் பதினொரு பிலிம் துண்டுகள் கொண்டுவந்தார். மூடியைத் திறந்தால் அந்த வாசம்தான். "நடிச்சவை ரண்டு பேரும் யப்பான்காரர்" என்பார். நாங்கள் அப்போது ஐந்தாம் வகுப்பு, இரண்டாம் தவணை. ராணி ஒவ்வொரு துண்டாக வெயிலுக்குப் பிடித்துப் பார்ப்பாள். எனக்குத் தந்தது பென்சில்.

"தொடாதை, உன்ரை கை வேர்க்கும். நான் பாத்துச் சொல்லுறன், நீ எழுது."

பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதினேன். மூன்றில் ஆண் தொப்பியைக் கழற்றுகிறான். ஏழில் பெண் குடை விரிக்கிறாள். என் கையெழுத்தை மாமா மெச்சினார், ஆனால் படம் முழுக்க அவள் கண்ணுக்குள் அல்லவா இருந்தது! அந்தப் பேணி கிணற்றில் விழட்டும் என்றுகூட வேண்டியிருக்கிறேன்.

ஒருநாள் அவள் குளிக்கப் போன நேரம், பேணியைத் திறந்து, துண்டுக்குச் சுற்றி நான் இலக்கமிட்ட தாளைப் பிரித்து, ஏழாம் துண்டை யன்னலில் பிடித்தேன். தேயிலைச் சாயம்போல ஒரே மண்ணிறம். பெண்ணும் இல்லை, குடையும் இல்லை. திரும்பினால் ஈரத் தலையோடு ராணி.

"களவாப் பாத்தனியோ? என்ன தெரிஞ்சது?"

"ஒண்டும் தெரியேல்லை."

"உனக்குத் தெரியாதெண்டுதானே நான் காட்டேல்லை."

அவள் பொய் சொல்லியிருக்கலாம் என்று அன்று எனக்குத் தோன்றவேயில்லை. அவளுக்கு மட்டும் தெரிகிறதே என்றுதான் வயிறெரிந்தது.

மாமா காலமாகிவிட்டார். பேணி, யுத்தகால இடப்பெயர்வில் வீட்டோடு போயிற்று. கொப்பி மட்டும் என் பையில் அலைந்து திரும்பியது. ராணியின் கடிதம் வந்தபிறகும் இரண்டு நாள் அதை அனுப்பாமலே இருந்தேன். படத்தைக் கண்டவள் என்று அங்கேயும் அவள் பெயர்தானே வரும். மூன்றாம் நாள் யாழ்ப்பாணம் போய்ப் பிரதியெடுத்து அனுப்பினேன், ஏழாம் வரியின் ஓரத்தில் இப்படி எழுதி: "பெண் குடை விரிப்பது ராணி சொன்னது. நான் பார்த்தபோது எதுவும் தெரியவில்லை. துண்டு அதற்கு முன்பே மங்கியிருந்ததா, எனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லையா என்பது இன்னும் உறுதிசெய்யப்படவில்லை."