நான் கூவ இருந்த ஏலம்

எங்கள் வார்டில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எப்போதாவது இந்தப் பேச்சு வரும். நர்ஸ் ஆகாவிட்டால் என்ன ஆகியிருப்பாய்? ஒருத்தி ஏர் ஹோஸ்டஸ் என்பாள். ஒருத்தி போலீஸ் வேலைக்காக ஓடிப் பழகியவள், உயரம் போதவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் டான்ஸ் டீச்சர் ஆக நினைத்தாராம். அவர் நடையைப் பார்த்தால் சத்தியமாக நம்ப முடியாது. என் முறை வரும்போது, "நமக்கு ஏது அதெல்லாம், வீட்ல சேர்த்து விட்டாங்க, சேர்ந்தேன்" என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைக் கழுவ எழுந்து போய்விடுவேன். பொய்தான். எனக்கும் ஒன்று இருந்தது. சொன்னால் சிரிப்பார்கள், இல்லாவிட்டால் 'அச்சோ' என்பார்கள். அந்த அச்சோ எனக்குப் பிடிக்காது.

நான் மீன் ஏலம் கூவ ஆசைப்பட்டேன்.

பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணல்மேட்டில் இருக்கிற குப்பங்களில் ஒன்று எங்களுடையது. காலையில் படகுகள் வந்ததும் மீனைக் கரையில் குவியல் குவியலாகக் கொட்டுவார்கள். கூடைக்காரப் பெண்களும், ஐஸ் பெட்டியோடு வண்டி கொண்டுவரும் வியாபாரிகளும் சுற்றி நிற்பார்கள். நடுவில் நின்று ஏலம் கூவுவது என் பெரியம்மா, அம்மாவின் அக்கா. புருஷன் இல்லை, பிள்ளைகளும் இல்லை. வாய் உண்டு. ஐஸ் வண்டியின் இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தாலும் அதற்கு மேலே அவள் குரல் கேட்கும்.

ஏலம் கூவுகிற உரிமையை எங்கள் ஊரில் பஞ்சாயத்துதான் ஒரு வீட்டுக்குக் கொடுக்கும். அந்த வீட்டு ஆள் யாராவது காலையில் வந்து நிற்கிறவரை உரிமை அந்த வீட்டோடு இருக்கும். நிற்க ஆள் இல்லையென்றால் ஊர் கூடி வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடும். அதில் கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை, மீன் கெட்டுப்போகும்.

நான் பன்னிரண்டாவது படித்தபோது பெரியம்மாவுக்கு அம்மை போட்டுவிட்டது. வேப்பிலை போட்டுப் படுத்துவிட்டாள். வீட்டில் வேறு யாருக்கும் வாய் கிடையாது, அதனால் நான் போய் நின்றேன். முதல் குவியல் இறால். வாயைத் திறந்தேன், சத்தம் வந்தது. எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. தூரத்தில் வலை உதறிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஒரு தரம்" என்று இழுத்தால் எல்லாரும் என் வாயைப் பார்க்கிறார்கள், "ரெண்டு தரம்" என்றால் ஒருவன் பதறிக்கொண்டு விலையை ஏற்றுகிறான். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே கூவினேன். அவள் தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிறவரை தினமும் நான்தான். அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். அதற்குமேல் அதை விளக்கத் தெரியவில்லை.

பெரியம்மா எழுந்து நடமாடத் தொடங்கியதும் சொன்னேன். "பெரிம்மா, பரிச்ச முடிஞ்சதும் நானே வந்து கூவறேன். நீ குந்திக்கினு காசு வாங்கிப் போடு."

"இன்னா சொன்னே? இன்னொரு தபா சொல்லு."

இன்னொரு தடவை சொன்னேன். கையில் இருந்த துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

"மழையிலயும் வெயில்லயும் கத்திக் கத்தி என் தொண்ட ரணமாக் கெடக்குது. வெல கம்மியாப் போச்சுன்னா படகுக்காரன் திட்றான், ஜாஸ்தியாப் போச்சுன்னா கூடைக்காரி திட்றா. ஒனக்கும் இதே பொழப்பா? என் உசுரு இருக்கற வரைக்கும் நடக்காது. நெழல்ல நின்னு செய்யற வேலையாப் பாரு."

நிழலில் நின்று செய்கிற வேலை என்னென்ன என்று வீட்டில் யோசித்தார்கள். டீச்சருக்குப் படிக்க வைக்கலாம் என்றாள் அம்மா. பொன்னேரியில் ஜவுளிக்கடையில் ஆள் எடுக்கிறார்கள் என்றார் நைனா. பக்கத்துக் குப்பத்தில் ஒரு பெண் நர்ஸாகி, அந்த வீட்டுக்கு மாடி எடுத்திருந்தார்கள். அந்த மாடியைப் பார்த்துவிட்டு வந்த பெரியம்மா நர்ஸ்தான் என்று முடித்துவிட்டாள். எனக்கு ரத்தம் பார்த்தால் ஆகுமா ஆகாதா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நர்ஸிங் காலேஜ் சேர்க்கைக்கு அவள்தான் கூட வந்தாள். ஏன் நர்ஸ் ஆக விரும்புகிறாய் என்று அங்கே ஒரு அம்மா கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கதவுக்கு வெளியே இருந்து, "சேவை செய்யணும்னு ஆசைங்க!" என்று ஏலக் குரலில் பதில் வந்தது. கட்டடமே திரும்பிப் பார்த்தது.

எனக்கு அவள்மேல் பயங்கரமான கோபம். ஹாஸ்டலில் இருந்து ஊருக்கு வரும்போதெல்லாம் ஏலம் நடக்கிற பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவேன். இதெல்லாம் அவளுக்குத் தெரியும், கண்டுகொள்ள மாட்டாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் வீல் சேர் வேண்டும் என்று வார்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கத்தினேன். அப்போது இருந்த இன்சார்ஜ், "இது என்ன மீன் மார்க்கெட்டா?" என்றார். நோயாளிகள்கூடச் சிரித்தார்கள். அவருக்கு நான் எந்த ஊர் என்றே தெரியாது, சும்மா வாயில் வந்ததைச் சொன்னார். அன்றிலிருந்து குரலை இறக்கினேன். படுக்கையில் இருப்பவர்களிடம் எப்படிப் பேசவேண்டும் என்று பிறகு தானாகப் பழகிவிட்டது. மெதுவாக, ஒரே சீராக, யாராக இருந்தாலும் 'நீங்க' போட்டு. ஆரம்பத்தில் யாராவது செத்தால் அழுதிருக்கிறேன். அது எப்போது நின்றது என்று தெரியாது. இப்போது யாராவது போனால் நேரத்தை எழுதுவேன், கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டுவேன், கையைக் கழுவிக்கொண்டு அடுத்த படுக்கைக்குப் போவேன். அதில் வருத்தப்படக்கூட எனக்குத் தோன்றுவதில்லை.

போன வருடம் லீவில் ஊருக்குப் போயிருந்தபோது வீட்டில் இருந்தபடியே ஏலம் காதில் விழுந்தது. வேறு யாரோ கூவுகிறார்கள் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால் பெரியம்மாதான். மரத்தில் ரம்பம் இழுக்கிற மாதிரி இருந்தது.

"எத்தினி நாளா இப்படி?"

"பனி ஒத்துக்கல. சரியாப் பூடும், வுடு."

அடக்கி வைத்திருந்த புகையிலையைத் துப்பிவிட்டு மறுபடி கூவப் போனாள். நான் விடவில்லை. சண்டை போட்டு, அம்மாவை அழவைத்து, பட்டணத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள், சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். புற்றுநோய்தான். குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வாள், தள்ளிப்போட்டால் பரவும் என்றார் டாக்டர். "நீங்க நர்ஸ்தானே, நீங்களே பக்குவமாச் சொல்லிடுங்க" என்று என்னிடமே விட்டுவிட்டார்.

வெளியே பெஞ்சில் உட்காரவைத்துச் சொன்னேன். "பெரிம்மா, குரல்வளையில கட்டி இருக்கு. அதை முழுசா எடுக்கணும். கழுத்துல ஒரு துளை வச்சு அது வழியா மூச்சு விடுவீங்க. பேச்சு வராது. மத்தபடி சாப்பிடலாம், நடக்கலாம், எல்லாமே செய்யலாம். பயப்படாதீங்க."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"யாராண்ட பேசிக்கினு கீறே நீ?"

"உங்கிட்டதான்."

"என்னாண்ட இல்ல. எவளோ மூணாவது மனுசியாண்ட பேசறே. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அதே வார்த்தைகள்தான் வந்தன, அதே குரலில். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். முந்தானையால் மூக்கைச் சிந்திவிட்டு, "சரி, அறுத்துக்கறேன்" என்றாள். "ஆனா ஏலம் நம்ம வூட்ட வுட்டுப் போவக்கூடாது. நீ வந்து கூவு. ஊரு ஒத்துக்கினா நான் போய்ப் படுத்துக்கறேன். இல்லாங்காட்டி கூவிக்கினே செத்துப் பூட்றேன், போ."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அன்னிக்கு வேணாம்னு என்னைத் துரத்துனது யாரு?"

"நான்தான். அன்னிக்கு வேணாம்னேன், இப்ப வேணும்ன்றேன்."

வேலையை விடுவதா, எப்படி, எதையும் அவள் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. எனக்கு அவள் ஆபரேஷனுக்குச் சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான். நான் கூவினால் அவள் பிழைப்பாள். ஊருக்குத் திரும்பி மறுநாள் காலையில் கரையில் போய் நின்றேன். பெரியம்மா ஒரு பழைய ஐஸ் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள். பஞ்சாயத்துத் தலைவரும் வந்திருந்தார். ஊர் முழுக்க விஷயம் தெரிந்திருந்தது.

முதல் குவியல் மடவை. நல்ல மீன், இன்னும் ஒன்றிரண்டு துள்ளிக்கொண்டிருந்தது. விலையைச் சொன்னேன். யாரும் அசையவில்லை. இன்னொரு தடவை சொன்னேன்.

"அய்ய, ஒண்ணும் கேக்கலம்மா!" என்றாள் எதிரில் நின்ற ஒரு கூடைக்காரி. பெரியம்மாவோடு தினமும் விலைக்குச் சண்டை போடுகிறவள் அவள். இரண்டு பேரும் மண்ணை வாரித் தூற்றிக்கொண்டதை நானே பார்த்திருக்கிறேன்.

மூச்சை இழுத்துப் பிடித்துக் கத்திப் பார்த்தேன். தொண்டை கமறி இருமல் வந்தது. இருமி முடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தால், படுக்கையில் இருப்பவரிடம் 'கொஞ்சம் திரும்பிப் படுங்க' என்பேனே, அந்தக் குரல்தான் வந்தது. படகுக்காரர் ஒருவர், "இன்னா நர்ஸம்மா, மடவைக்கு ஊசி போடப் போறியா? அதுக்கு வலிக்குமேன்னு மெல்லப் பேசறியா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனால் எனக்கு அவமானமாக இருந்தது. நான் ஆசைப்பட்ட இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன், கால் மணலில் புதைந்திருந்தது, வாய் திறந்திருந்தது, சத்தம் இல்லை. ஐஸ் பெட்டிப் பக்கம் நான் திரும்பவே இல்லை. இனி அவள் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டாள் என்று தெரிந்துவிட்டது.

பெரியம்மா எழுந்து வந்து என்னைத் தோளால் இடித்துத் தள்ளினாள். அவளே கூவ ஆரம்பித்தாள். அந்தக் கிழிந்த குரல் இந்த நாட்களுக்குள் இன்னும் தேய்ந்திருந்தது, பக்கத்தில் நின்ற எனக்கே பாதிதான் கேட்டது. ஐஸ் வண்டிக்காரர் போய் இஞ்சினை நிறுத்தினார். கரையில் ஒருத்தரும் பேசவில்லை. மடவை, இறால், நண்டு, ஒரு குவியல் விடாமல் அத்தனையும் அவளே கூவி முடித்தாள். யாரும் விலையில் அடம்பிடிக்கவில்லை.

முடிந்ததும் அந்தக் கூடைக்காரியைக் கை நீட்டிக் காட்டினாள். "நாளையிலேர்ந்து நீ கூவுடி, வாயாடி."

"நான் மாட்டேங்க்கா" என்று அவள் கூடையைக் கீழே வைத்துவிட்டு அழுதாள்.

"நீ மாட்டேன்னா எவ கூவறது? வண்டிய நிறுத்திக்கினு கேக்கற கொரலு ஆயிப்போச்சு என்னுது. இவ கூவனா மீனு தூங்கிப் பூடும்." தலைவரிடம் திரும்பி, "நான் வுட்டுக் குடுத்துட்டேன் தலைவரே. ஊருக்குச் சொல்லிடு" என்றாள். என்னிடம் வந்து, "பஸ்ஸு எத்தினி மணிக்கு? வா, போய்ப் படுத்துக்கலாம்" என்றாள்.

ஆக, நான் கூவ ஆசைப்பட்ட ஏலம் என் கண்ணெதிரே வேறொரு வீட்டுக்குப் போனது. வலிக்க வேண்டிய விஷயம் என்று எனக்குத் தெரிந்தது. அவள் வர ஒத்துக்கொண்டதில் சந்தோஷப்பட வேண்டும் என்றும் தெரிந்தது. நான் என்னவோ அவளுக்கு ரத்தம் எத்தனை பாட்டில் ஏற்பாடு செய்யவேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு நடந்தேன்.

பஸ்ஸில் பொன்னேரிவரை பேசிக்கொண்டே வந்தாள். ரயிலிலும் பேசினாள், எதிரில் இருந்த பெண்ணிடம் அவள் மாமியாரைப் பற்றி விசாரித்தாள். அட்மிஷன் ஆகி, கட்டிலில் ஏறி உட்கார்ந்த பிறகும் வாய் ஓயவில்லை. ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஊசி போட வந்த சின்ன சிஸ்டர், "பாட்டி, குரல் ரொம்பக் கட்டியிருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் போர்வையைச் சரிசெய்துகொண்டே சொன்னேன்.

"பேசாதீங்க பெரிம்மா. தொண்டைக்கு ஓய்வு குடுங்க."

அவள் போர்வையை உதறித் தள்ளினாள். பிறகு கேட்டாள்.

"நாளிக்கு வெட்டிக் கடாசப் போற தொண்டைக்கு இன்னாத்துக்குடி ஓய்வு?"

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். தூக்க மாத்திரை வேலை செய்கிறவரை பேசினாள். இடையில் சிரித்தாள், இரண்டு தடவை அழுதாள், ஒரு தடவை என்னைத் திட்டினாள். நான் நகராமல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. இப்போது கழுத்துத் துளையில் துணி கட்டிக்கொண்டு வீட்டில் இருக்கிறாள், கோபம் வந்தால் தட்டைத் தரையில் அடிக்கிறாள். அம்மா அடிக்கடி என்னைக் கேட்கிறாள், அன்னிக்கு அக்கா கடைசியா இன்னாதான் சொன்னா, சொல்லேண்டி என்று. எவ்வளவோ யோசித்துப் பார்த்துவிட்டேன். ஒரு வார்த்தை நினைவில் இல்லை. அவள் என் கையைப் பிடித்ததும் என் விரல் தானாக அவள் மணிக்கட்டுக்குப் போயிருக்கிறது. நாடி எண்பத்தெட்டு இருந்தது, அது மட்டும் நினைவிருக்கிறது.