இரண்டு கரண்டி காளான்

நூடில்ஸைப் பார்ப்பதற்கு டிக்கெட் எடுத்துப் போகப்போகிறோம் என்று மாமா சொன்னபோது அம்மாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. “நூடில்ஸ் பாக்கிறதுக்கு சிற்றிக்குப் போறியளோ? குசினிக்க வாங்கோ, நான் காட்டுறன்” என்றார். மாமா அம்மாவின் தம்பி. அக்காவின் கேலி அவருக்குப் பழகிப்போனது. காலில் போடவிருந்த சப்பாத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவர் தொடர்ந்து துடைத்தார்.

அப்போது எனக்கு ஏழு வயது. பள்ளி விடுமுறைக் காலம். ஜப்பானிலிருந்து ஒரு கண்காட்சி வந்து, மெல்பேர்ன் துறைமுகப் பக்கத்துப் பழைய கொட்டகை ஒன்றில் சில வாரங்கள் தங்கியிருந்தது. பிள்ளைகள் நாங்கள் அதை நூடில்ஸ் மியூசியம் என்றோம். அங்கே போனால் கையால் மாக் குழைக்கலாம், வெறும் கப்பில் நமக்கு விருப்பமான படம் கீறலாம், அதற்குள் வேண்டியதைப் போட்டு மூடி வீட்டுக்குக் கொண்டுவரலாம். வகுப்பில் பாதிப் பேர் போய்வந்து பீற்றிக்கொண்டிருந்தார்கள். நான் மூன்று நாள் மாமாவின் காலைச் சுற்றிக்கொண்டு திரிந்தேன். அப்பாவிடம் கேட்டால் பார்ப்போம் என்பார். மாமாவிடம் கேட்டால் எப்போது போவோம் என்பார். ஆகையால் எதையும் மாமாவிடம் கேட்பதே என் வழக்கம்.

மாமா மெல்பேர்னின் புறநகரான வெரிபீயில் எங்களுடன்தான் இருந்தார். அகதியாகப் படகில் வந்தவர். வேலை செய்ய அனுமதி இருந்தது. மனைவியையும் பிள்ளையையும் கூப்பிட அனுமதி இல்லை, ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வரவும் அனுமதி இல்லை. பக்கத்து ட்ருகனினாவில் ஒரு பெரிய களஞ்சியத்தில் பெட்டி அடுக்கும் வேலை. வேலை முடிந்து வந்தால் என்னைச் சைக்கிள் ஓடப் பழக்குவார், நீச்சல் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போவார், என் பள்ளிக்கூடப் பையில் அழுகிப்போன வாழைப்பழத்தைத் தேடி எறிவார். எனக்குப் பனிக்காலத்தில் இருமல் வந்தால் அம்மாவுக்கு முன்னால் அவர்தான் எழும்புவார். மாமா என்னுடைய மாமா, வேறு யாருடையவரும் அல்ல என்றுதான் நான் நம்பியிருந்தேன்.

ஆனால் ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் அவர் வேறு யாருடையவரோ ஆகிவிடுவார். ஊருக்கு ஃபோன் எடுக்கும் நேரம் அது. அங்கே அவருக்கு ஒரு மகள் இருந்தாள். எனக்கு மச்சாள், என்னுடைய வயது. மாமா விட்டுவிட்டு வந்தபோது அவளுக்கு அப்போதுதான் மூன்று வயது நிரம்பியிருந்தது. மாமா “சாப்பிட்டியா குஞ்சு?” என்பார். அவள் “ஓம்” என்பாள். “என்ன சாப்பிட்டனி?” என்பார். “சோறு” என்பாள். பிறகு மாமா “வேற என்ன?” என்பார், அவள் “ஒண்டுமில்லை” என்பாள். சிலவேளை மாமா ஃபோனை என்னிடம் தந்து, மச்சாளோடு கதை என்பார். நான் “ஹலோ” என்பேன். அவளும் “ஹலோ” என்பாள். அதோடு ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓடிவிடுவேன். தன்னைக் குஞ்சு என்று அவரைக் கூப்பிட வைத்திருக்கிறாளே என்று எனக்கு எரிச்சலாக இருக்கும். என்னை அவர் பிள்ளை என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெயிலேறிப் போனோம். கொட்டகைக்குள் நுழைந்ததும் வறுத்த மாவின் வாசனை அடித்தது. எங்களுக்கு மஞ்சள் ஏப்ரனும் தலைக்குத் துணியும் தந்தார்கள். மா குழைத்தோம், உருளையில் கொடுத்துத் தட்டையாக்கினோம், நூலாக வெட்டினோம். மாமா குழைத்த மா ரொட்டிக்குக் குழைத்ததுபோல அழகாக உருண்டு வந்தது. சொல்லிக்கொடுத்த ஜப்பானியப் பெண் அதைத் தூக்கி மற்றவர்களுக்குக் காட்டினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு மூலையில் சின்ன மரக் குடில் ஒன்று கட்டி வைத்திருந்தார்கள். நூடில்ஸை உடனடி உணவாக்கிய மனிதர் தன் வீட்டுக் கொல்லையில் இப்படியொரு குடிலில் இருந்துதான் மாதக்கணக்காக முயன்றாராம். ஒருநாள் மனைவி எண்ணெயில் பொரிப்பதைப் பார்த்தபோதுதான் அவருக்கு வழி தெரிந்ததாம். நான் அறிவிப்புப் பலகையில் இருந்ததை மாமாவுக்குத் தமிழில் சொன்னேன். அவர் குடிலுக்குள் எட்டிப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார். “மனிசி பக்கத்தில இருந்திருக்கிறா” என்றார். நான் கையைப் பிடித்து இழுக்கும்வரை அங்கேயே நின்றார்.

கடைசியாக கப் செய்யும் இடம். ஆளுக்கொரு கப். எனக்கு ஒன்று, மாமாவுக்கு ஒன்று, மாமாவின் கப்பும் எனக்குத்தான் என்று ரெயிலிலேயே கணக்குப் போட்டுவிட்டேன். அவருடையது எல்லாம் கடைசியில் எனக்குத்தானே வந்து சேரும். மேசையில் எனக்கு எதிரே அமர்ந்து, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு மாமா படம் கீறினார். ஒரு வீடு, ஒரு தென்னை, ஒரு கங்காரு. கங்காரு ஆடுபோல இருந்தது. அதற்குக் கீழே தமிழில் ஒரு பெயர் எழுதினார். எழுத்துக்கூட்டி வாசித்தேன். மச்சாளின் பெயர்.

“இது ஆருக்கு மாமா?”

“அவளுக்குத்தான். கோயிலுக்கு வாற அன்ரி அடுத்த கிழமை ஊருக்குப் போறா. குடுத்துவிடுவம்.”

எங்கள் ஆட்களில் யார் ஊருக்குப் போனாலும் அவரின் பெட்டியில் மற்றவர்களின் சாமானும் போகும். மருந்து, சொக்கிளேற், சட்டை என்று மாமா முன்பும் எத்தனையோ கொடுத்தனுப்பியிருக்கிறார். அவை கடையில் வாங்கியவை. அதனால் நான் அவற்றைப் பொருட்படுத்தியதில்லை. இது என்னுடைய நாள், என்னுடைய மியூசியம். அதற்குள்ளும் அவள் வந்து குந்திவிட்டாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வரிசை நகர்ந்து கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் போனோம். உள்ளே பன்னிரண்டு கிண்ணங்களில் உலர்ந்த சாமான்கள். சோளம், முட்டை, இறால், வெங்காயத்தாள், காளான், பட்டாணி, பூண்டு, இன்னும் என்னவோ. அவற்றில் நான்கு கரண்டி சொல்ல வேண்டும், ஒன்றையே இரண்டு முறையும் சொல்லலாம். மாமா முதலில் சூப்பைப் பற்றித்தான் விசாரித்தார். மாட்டிறைச்சி சேராத சூப் எது என்று இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்தினார். பிறகு கரண்டியோடு நின்ற பையன் நான்கு என்ன என்று கேட்டான். மாமா கிண்ணங்களைப் பார்த்தார். பையன் மறுபடி கேட்டான். பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

மாமா என் பக்கம் குனிந்தார். “அவளுக்கு என்ன பிடிக்கும்?” என்று மெதுவாகக் கேட்டார். “மூண்டு வயசில பாலில நனைச்ச விசுக்கோத்து எண்டால் விருப்பம். இப்ப என்னவோ தெரியேல்ல.”

“கோல் பண்ணிக் கேளுங்கோ.”

அவர் சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்தார். அதைப் பார்த்தபடி நின்றார். பிறகு திரும்பவும் பைக்குள் வைத்தார். “இப்ப பள்ளிக்கூடத்தில நிப்பாள்” என்றார். எங்களுக்கு ஞாயிறென்றால் அவளுக்கும் ஞாயிறுதான் என்பது ஏழு வயதிலேயே எனக்குத் தெரியும். மாமா கிழமையை மறந்துவிட்டார் என்று நினைத்தேன். தன் அப்பாவுக்குத் தன்னைப் பற்றி இதுகூடத் தெரியாது என்று மகள் அறிந்துவிடுவாள் என அவர் பயந்தார். அது எனக்கு எட்டவில்லை.

“எனக்குத் தெரியும்” என்றேன். “அண்டைக்கு போன்ல எனக்குச் சொன்னவள்.”

மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. “உன்னட்டைச் சொன்னவளோ? என்னவாம்?”

உலகத்தில் எனக்குப் பிடிக்காத சாப்பாடு காளான். அதன் வாசனை வந்தாலே மூக்கைப் பொத்துவேன். “காளான்” என்றேன். “ரெண்டு கரண்டி. பிறகு பட்டாணி. பிறகு பூண்டு.” கொஞ்சமும் தடுமாறவில்லை. மாமா அதைத் தன் ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாக, விரல் மடித்து, பையனுக்குச் சொன்னார். எனக்கு இரண்டு கரண்டி சோளமும், முட்டையும், இறாலும் போட்டுக்கொண்டேன். கப்பை மூடி, காற்றடைத்த பையில் வைத்துத் தந்தார்கள். வரும் வழியெல்லாம் மாமா தன்னுடையதை மடியில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

கோயில் அன்ரி “பாரமில்லை, ஆனா இடத்தைப் பிடிக்குதே தம்பி” என்று சொல்லி, காற்றைப் பிடுங்கிவிட்டுத்தான் பெட்டிக்குள் வைத்தார். கப் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது ஒரு வெள்ளிக்கிழமை. வீட்டில் மீன், இறைச்சி தொடாத நாள் என்பதால், சூப்பில் என்ன இருக்கிறதோ என்று மாமி அதைச் சாமி அறையில் வைக்காமல் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாராம். சனிக்கிழமை இரவு மாமா ஃபோன் எடுத்து, எல்லோரும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தார். நான் கதிரைக்குப் பின்னால் நின்றேன். பிடிபடப்போகிறேன் என்று கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

“சாப்பிட்டியா குஞ்சு? காளான் போட்டது பிடிச்சுதோ?”

லைன் சரியில்லை என்று அப்பா சொன்னார். பிறகு அவள் குரல் கேட்டது.

“ஓம் அப்பா. எனக்குச் சரியான விருப்பம்.”

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் தப்பினேன். ஆனால் ஆறுதலை மிஞ்சிக் கோபம் வந்தது. காளானைப் போய் யாருக்காவது பிடிக்குமா? கெடுதல் செய்யப் போய் அவளுக்கு நல்லது செய்துவிட்டேனே என்று பொருமினேன்.

அன்றிலிருந்து மாமாவிடம் தன் மகளைப் பற்றிச் சொல்ல ஒரு விஷயம் இருந்தது. கோயிலில், பிறந்தநாள் வீடுகளில், களஞ்சியத்தில் கூட வேலை செய்தவர்களிடம், பிள்ளைகளின் பேச்சு வந்தால் அவரும் சொல்வார்: “என்ர மகளுக்கு காளான் எண்டால் உயிர்.” யார் ஊருக்குப் போனாலும் உலர்ந்த காளான் பைக்கற் ஒன்று கூடவே போகும். ஒரு வருசம், இரண்டு வருசம் அல்ல. நான் பள்ளிக்கூடம் முடித்துப் பல்கலைக்கழகம் போகும்வரை போனது. உண்மையைச் சொல்ல எத்தனையோ நாள் வாயெடுத்தேன். அவளுக்குத்தான் பிடித்துவிட்டதே, இனிச் சொல்லி என்ன என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன்.

போன வருசம் மாமாவுக்கு நிரந்தர விசா கிடைத்து, மாமியும் மச்சாளும் வந்து சேர்ந்தார்கள். விமானநிலையத்தில் மாமா மகளைத் தேடியபோது, மூன்று வயதுப் பிள்ளையைத் தேடுகிறவர்போல அவரது கண் முதலில் தாழ்வாகத்தான் போனது. அவள் அவரைவிட உயரமாக வளர்ந்திருந்தாள். அவர்களுக்கென்று வெரிபீயிலேயே ஒரு சின்ன வீடு எடுத்திருந்தார். அன்று குசினிக்குள் மாமியைக்கூட விடாமல் தானே சமைத்தார். காளான் கறி, காளான் வறை, காளான் போட்ட நூடில்ஸ். மச்சாள் ஒன்றையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். மாமா இன்னும் எடுக்கக் குசினிக்குப் போனார். மேசையில் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் தண்ணீரை மடமடவென்று குடித்தாள். குடித்த விதத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது.

“உனக்குக் காளான் பிடிக்காதோ?” என்றேன்.

“வாய்க்குள்ள வைக்கேலாது” என்றாள் மெதுவாக. “அனுப்பினதெல்லாம் அம்மாதான் சாப்பிட்டவ.”

“நான்தான் பொய் சொன்னனான். நீ சொன்னனீ எண்டு மாமாட்டைச் சொன்னனான்.”

“தெரியும். நீதான் சொன்னனீ எண்டு அப்பா சொன்னவர். நான் உன்னட்டை ஹலோ மட்டும்தானே சொன்னனான்.”

“பின்ன ஏன் அண்டைக்கு ஓம் எண்டனீ?”

“அவ்வளவு சந்தோசமாக் கேட்டவர். இல்லையெண்டு எப்பிடிச் சொல்லுறது?” என்றாள். “நீ சொல்லிப்போடாதை.”

மாமா சட்டியோடு வந்தார். மகளின் தட்டில் நிறையப் போட்டார். வெட்கத்தில் எனக்கு வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை. என் தட்டையும் நீட்டி, “எனக்கும் போடுங்கோ மாமா” என்றேன்.

மாமா கரண்டியை மேலேயே பிடித்துக்கொண்டார். “உனக்குக் காளான் மணமே பிடிக்காதெல்லோ பிள்ளை” என்றார். “பூண்டும் பல்லில தட்டுப்பட்டால் துப்பிப்போடுவாய். உனக்கெண்டு முட்டை பொரிச்சு வைச்சிருக்கிறன், கரை முறுகலா. பொறு, எடுத்துக்கொண்டு வாறன்.”

மச்சாளின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. குசினிக்குப் போகும் தன் அப்பாவின் முதுகைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்து காளானைப் பிசைந்து சாப்பிடத் தொடங்கினாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்தக் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் நின்ற நாளில், என் மாமாவை அவள் என்னிடமிருந்து பறிக்கிறாள் என்றுதான் நான் பொருமினேன். அவளுடைய அப்பாவை அத்தனை வருசமும் வைத்திருந்தது நான் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.