அளக்கக் கொடுத்த ஸ்பீக்கர் பெட்டி

பெட்டி திரும்பி வந்தபோது நன்றாகப் பாடியது. அதுதான் எனக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது.

ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டில், சமையலறைக்குப் பின்னால் துணி காயப்போடும் இடத்தில் உட்கார்ந்து நானே செய்த ஜோடி அது. பெட்டிக்கு எட்டுச் சின்ன ஸ்பீக்கர்கள், ஒன்றின் கீழ் ஒன்றாக. ஒரு பெரிய ஸ்பீக்கரின் வேலையை எட்டும் பகிர்ந்துகொண்டால் குரல் தெளிவாக வரும் என்று நம்பியிருந்தேன். வலது பெட்டி அப்படித்தான் பாடியது. இடது பெட்டியில் மட்டும் பாடுகிறவர் பக்கத்து வீட்டில் இருப்பதுபோல் கேட்டது.

என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒருவருக்கும் இதே பைத்தியம். ஒலியை அளக்கும் மைக் வைத்திருந்தார். "குடுங்கக்கா, வீட்ல வெச்சு அளந்து பாக்குறேன்" என்று இடது பெட்டியைத் தன் கெரேத்தாவின் பின்சீட்டில் ஏற்றி புக்கிட் மெர்தாஜாமுக்குக் கொண்டுபோனார். சில நாள் கழித்துத் திருப்பித் தந்தார்.

"ஒண்ணும் பண்ணலக்கா. அளந்தேன், அவ்ளோதான் லா."

அளந்தால் பெட்டி குணமாகுமா?

"நல்லாத்தானே பாடுது, விடேன்" என்றார் என் கணவர். நான் விடவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன். மேலிருந்து மூன்றாவது, நான்காவது ஸ்பீக்கர்களின் திருகாணித் தலைகளில் கீறல். கழற்றினேன். ஒவ்வொரு காந்தத்தின் பின்னாலும் நீல மையில் என் பெயரின் முதல் எழுத்தைப் போடுவது என் வழக்கம். அந்த இரண்டிலும் எழுத்து இல்லை.

புதியவற்றை எடுத்துக்கொண்டு தன்னிடமிருந்த பழையவற்றை மாட்டிவிட்டார் என்றே நினைத்தேன். மறுநாள் கேன்டீனில் அவர் சிரித்த சிரிப்புகூட எனக்குச் சரியாகப் படவில்லை. மாலையில் போன் செய்தேன்.

"தம்பி, பெட்டியத் தொறந்தீங்களா?"

"ஞாயித்துக்கெழம நேர்ல வர்றேன்க்கா."

ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தார். உள்ளே என் நீல எழுத்தோடு இரண்டு ஸ்பீக்கர்கள். காகிதக் கூம்பை விரலால் அழுத்தினால் கரகரத்தது. கருகல் வாடை அடித்தது.

"சவுண்ட கூட்டிட்டேன்க்கா, ரெண்டு எரிஞ்சிருச்சு. எங்கிட்ட இருந்ததப் போட்டுட்டேன்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா மறுபடி நம்பிக் குடுப்பீங்களா?"

"அப்புறம் எப்படி முன்னவிட நல்லா பாடுது?"

"அதுல ஒண்ணுக்கு நீங்க பிளஸ் மைனஸ் வயர மாத்திக் குடுத்திருந்தீங்க. மத்ததெல்லாம் முன்னாடி தள்றப்ப, அது மட்டும் பின்னாடி இழுத்துச்சு. நான் சரியாப் போட்டேன்."

நடக்கக்கூடியதுதான். ஆனால் பழைய பற்றவைப்பை அவர் வெட்டி எடுத்துவிட்டார், சரிபார்க்க வழியில்லை. தவறு என்னுடையதா, தன் தவறை மூட என் தலையில் கட்டுகிறாரா? அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

அண்மையில் அடுத்த ஜோடியை முடித்தேன். அளந்து தரட்டுமா என்று அவரே கேட்டார்.

"மைக்க இங்க கொண்டாங்க தம்பி" என்றேன்.

வந்தார். அவர் அளந்து முடிக்கும்வரை நான் கூடத்தைவிட்டு நகரவில்லை. என் கணவர்தான் தேநீர் போட்டார்.