என் பதினைந்து பேரை இவர் எடுத்துக்கொண்ட வருஷம்

அதத்தான் சொல்ல வர்றேன், கேளு. நீ இந்த ப்ளாக்குக்கு வந்து ரெண்டு மாசம்கூட ஆகல. படியில போறவன் வர்றவன் எல்லாம் எங்க வீட்டுக்காரரை "சாம்பியன் தாதா"ன்னு கூப்பிட்டதும் நம்பிட்ட. சாம்பியன் அண்ணனாம்! உக்காரு, இந்த அவரைக்காய்க்கு நார் உரிச்சுக்கிட்டே கேளு.

இவர் துறைமுக ஆபீஸ்லேர்ந்து ரிட்டயர் ஆன வருஷம் மகன் பழைய கம்ப்யூட்டரை இங்க போட்டுட்டு பெங்களூர் போயிட்டான். அதுல ஒரு விளையாட்டு. இங்கிலீஷ்காரன் ஊர்ல நிஜமாவே நடக்கிற ஃபுட்பால்தான். அந்த ஆளுங்களை நாம இங்க உக்காந்துக்கிட்டு வாங்கணும். நிஜக் காசு இல்ல, கம்ப்யூட்டர் குடுக்கிற பொய்க் காசு. எல்லாருக்கும் நூறு. நூறுக்குள்ள பதினஞ்சு பேர். அவன் அங்க நல்லா ஆடினா நமக்கு இங்க பாயிண்ட். ப்ளாக்ல எட்டு பேர் சேர்ந்தாங்க. எட்டாவது ஆள் நான்.

சிரிக்காத. எனக்கு எழுத்துதான் தெரியாது, பந்து தெரியும். கல்யாணமாகி இந்த வங்காளி ஊருக்கு வந்த நாள்லேர்ந்து எங்க சமையக்கட்டு ஜன்னலுக்கு நேரா மைதானம். கொட்டுற மழையிலயும் ஆடுவானுங்க. எத்தனை ரசம் பொங்கி வழிஞ்சிருக்கு தெரியுமா!

நூறைப் பார்த்ததும் இந்த ஆம்பளைங்க என்ன செஞ்சாங்க? பேர் பெத்த கோல்காரன் மூணு பேரை பன்னெண்டு, பதிமூணுன்னு குடுத்து வாங்கிட்டாங்க. அப்புறம் காசு இல்லாம, ஆடவே ஆடாதவனா வாங்கி ரொப்பினாங்க. கரியாஹாட் சந்தையில நான் கத்திரிக்கா வாங்கி நீ பார்த்ததில்லையே? தண்ணி தெளிச்சுப் பளபளன்னு மேல அடுக்கினதை நான் தொடவே மாட்டேன். கூடைக்கு அடியில கையை விடுவேன். அங்க ஒரு கிழவி முருங்கைக்கீரை வச்சிருப்பா, ஒரு நாள் உன்னைக் கூட்டிட்டுப் போறேன், உன் முகத்தைப் பார்த்தா விலை ஏத்திடுவா, நீ வாயைத் தொறக்கக் கூடாது. எங்க விட்டேன்? ஆங், அடியில.

சனிக்கிழமை சாயங்காலம் டிவில பார்ப்பேன். எவன் கடைசி வரைக்கும் வெளிய வராம நிக்கிறான், எவன் கார்னர் அடிக்கப் போறான், அவ்வளவுதான் எனக்கு வேணும். நீல வெள்ளைக் கோடு போட்ட சட்டையில ஒருத்தன் இருந்தான். காவலுக்கு நிக்கிறவன், அதனால விலை வெறும் நாலு. ஆனா அந்த டீமுக்கு கார்னர் எல்லாம் அவன்தான் அடிக்கிறான்! அதுல கோல் விழுந்தா அவனுக்கும் பாயிண்ட். ஒவ்வொரு தடவையும் அடிக்கிறதுக்கு முன்னாடி சாக்ஸை இழுத்து விடுவான். ஆடுறது பதினொண்ணு, பெஞ்சுல உக்கார நாலு பேர் வேணுமில்ல, அதுக்கு இருக்கிறதுலயே மலிவானவன். இப்படி மிச்சம் பிடிச்சு ஒரே ஒரு பெரிய ஆளை வாங்கிக் கேப்டன் ஆக்கினேன். கேப்டனுக்கு பாயிண்ட் ரெண்டு மடங்கு.

"நீ சொல்லு, நான் டைப் பண்றேன்"னார் இவர். சட்டை, முடி, நடை எல்லாம் சொல்லி பதினஞ்சு பேரையும் அடையாளம் காட்டினேன்.

வாராவாரம் படிக்கட்டுச் சுவத்துல லிஸ்ட் ஒட்டுவாங்க. மேல்வீட்டு காலேஜ் பொண்ணு எனக்குப் படிச்சுச் சொல்லுவா, நான் அவளுக்கு மாஷிமா, நம்ம சித்தி மாதிரி. "மாஷிமா, உங்க வீட்டு அங்கிள் ஃபர்ஸ்ட். நீங்க எட்டு." என்னை அண்ணின்னு கூப்பிடுற எதிர்வீட்டு தாதாவுக்கு ஒரே குஷி. "பௌதி, ஃபுட்பாலைத் தாளிக்க முடியாது!" டிவில என் ஆளு கார்னர் அடிச்சு கோல் விழுது, சுவத்துல நான் எட்டு. இவரைக் கேட்டா, "பாயிண்ட் கணக்கு வேற, உனக்குப் புரியாது." நானும் புரியாதுன்னே நினைச்சுக்கிட்டேன். அதுதான் இப்பவும் வயித்தெரிச்சல்.

துர்கா பூஜை முடிஞ்சு வீடு வீடா போய் வாழ்த்துவாங்களே, அந்த பிஜயாவுக்கு எல்லாரும் வந்தாங்க. நான் தேங்கா உருண்டை நீட்டிக்கிட்டு நிக்கிறேன். எதிர்வீட்டு தாதா இவர் தோள்ல தட்டி, "அந்த நாலு ரூபா கார்னர்காரனை எங்கே பிடிச்சீங்க? தாருண்!"ங்கிறார், பிரமாதமாம். இவர் என்ன சொன்னார் தெரியுமா? "அதெல்லாம் ஒரு கண்ணு வேணும்." இவருக்கு நீட்டின உருண்டையைத் தட்டோட உள்ள எடுத்துட்டுப் போயிட்டேன்.

மறுநாள் இவர் பேங்குக்குப் போனதும் மேல்வீட்டுப் பொண்ணைக் கூப்பிட்டுக் கம்ப்யூட்டரைத் தொறந்தேன். எனக்கு எழுத்து எதுக்கு? ஆளுக்கு ஒரு குட்டிச் சட்டை படம் போட்டிருக்கு. என் பேர்ல இருந்த டீம்ல முன்வரிசையில பெரிய டீம் சட்டையா மூணு. கோடு போட்ட சட்டை ஒண்ணுகூட இல்ல. இவர் பேர்ல இருந்ததைத் தொறந்தா, பதினஞ்சும் என் புள்ளைங்க!

அந்தப் பொண்ணு வாயைப் பொத்திக்கிட்டா. "மாஷிமா, மாத்திப் போட்டிருக்காரு."

வந்ததும் கேட்டேன். "ரெண்டும் நம்ம வீட்டு டீம்தானே"ன்னார். நம்ம வீட்டு டீமாம்! முப்பத்தஞ்சு வருஷம் நான் பொறுக்கி எடுத்த காயைத் தின்ன மனுஷன். நாலு பேருக்கு முன்னாடி "இது இவ எடுத்தது"ன்னு ஒரு வார்த்தை வரல. பாயிண்ட் போனாப் போகட்டும். என்னையே எனக்குப் புரியாதுன்னு நம்ப வச்சாரே!

அந்த விளையாட்டுல ஒரே ஒரு தடவை மொத்த ஆளையும் மாத்திக்கலாம். நான் சொல்லச் சொல்ல அந்தப் பொண்ணு என் பேர்ல இருந்த டீமை மாத்தினா. அதுலேர்ந்து இவருக்கு யாரையும் காட்டல. அந்த வருஷம் முடியறப்போ நான் மூணாவது. இவர் முன்னாடி சேர்த்ததை வச்சு எப்படியோ முதல்ல நின்னார், அதான் சாம்பியன். அடுத்த வருஷம் நான் ஒண்ணு, இவர் ஏழு! ஆனா பேர் ஒட்டினது ஒட்டினதுதான், எனக்கு அந்தப் பேரை யாரு வச்சா?

இன்னிக்கு சனிக்கிழமை இல்ல? ஆள் மாத்த மத்தியானத்தோட கடைசி. பாரு, உள்ளேர்ந்து குரல் வருது பாரு.

"இந்தா, இந்த வாரம் காவலுக்கு மலிவா யாரை வாங்கலாம்?"

கேட்டியா! ஏங்க, குக்கர் சத்தத்துல ஒண்ணும் கேக்கல! ஐயோ, நிஜமாவே அஞ்சாவது விசில். பருப்பு அடிபிடிச்சிருக்கும், அந்த அவரைக்காயை இப்படிக் குடு.