மல்பெரிக்கு வைத்த மை

எங்கள் வீட்டில் காசு கொடுத்து வாங்கிய முதல் செடி ஒரு மல்பெரி. அதற்கு முன்னால் செடி வளர்க்கத் தோதுப்படவில்லை. வாடகைக்கு வீடு மாறிக்கொண்டே இருந்தோம். தரையில் குழி தோண்ட எந்த வீட்டுக்காரரும் விடவில்லை. ஏரல் பஜாரில் செடி விற்க வண்டியோடு வந்தவர், "யக்கா, இது தொட்டியிலயே காய்க்கும். வீடு மாறினா இடுப்புல வச்சுத் தூக்கிட்டுப் போயிரலாம்" என்றார். அந்தச் சொல்லுக்காகவே அம்மா வாங்கிவிட்டாள்.

அப்பா அப்போது துபாயில் லாரி ஓட்டினார். நான் பள்ளிக்கூடத்தில் சேருமுன் போனவர், இடையில் ஒரே ஒரு தடவைதான் வந்திருந்தார். செடி வாங்கிய அன்று, எப்போது வருவீர்கள் என்று போனில் கேட்டேன்.

"மொதல்ல பழம் பழுக்கட்டும்லே. பழுத்ததும் போட்டோ அனுப்பு, வந்துருதேன்."

போனை வைப்பதற்குப் பெரியவர்கள் இப்படி எதையாவது சொல்வதுண்டு. நான் அதை ஒப்பந்தமாக எடுத்துக்கொண்டேன்.

காய் பிடித்தது, பச்சை சிவப்பானது. கறுத்தால்தான் பழம் என்றார்கள். மத்தியானம் மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடி வந்து பார்ப்பேன், பிறகு திரும்பிப் போகமாட்டேன். படிப்பில் என் அக்கறை அப்போதே அவ்வளவுதான். காய்கள் சிவப்பிலேயே நின்றன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவே போனை என்னிடம் தந்தாள். "செவப்பா இருந்தா என்ன, ஒரு போட்டோ எடுத்து அனுப்புல. செடி எப்பிடி நிக்குன்னு பாக்கட்டும்."

ஆனால் எடுக்க விடவில்லை. மை டப்பாவைக் கொண்டுவந்து, கைக்குழந்தையின் கன்னத்தில் வைப்பதுபோலத் தொட்டியின்மேல் பெரிய பொட்டாக வைத்தாள்.

"பொட்டு வச்சாச்சு, ரிப்பன் கட்டலியாம்மா?" என்றாள் அக்கா.

"வாய மூடுட்டி. அங்கன ஒரு ரூம்ல எத்தன ஆளு. எல்லாருந்தான் போன வாங்கிப் பாப்பாவ. கண்ணு பட்டா உதுந்துரும்."

உலை பொங்கும் சத்தம் கேட்டு அம்மா உள்ளே போனாள், அக்காவும் பின்னால் போனாள். மை டப்பா திறந்தே கிடந்தது. விரலில் மையைத் தொட்டு ஒவ்வொரு காயாகத் தடவினேன். மல்பெரி மேடும் பள்ளமுமாக இருக்கும். மேடு கறுத்தது, பள்ளத்தில் சிவப்பு அப்படியே தெரிந்தது. தொட்டியை நிழலுக்கு நகர்த்தி வைத்துப் படம் எடுத்தேன்.

அம்மா திரும்பி வந்து போனை வாங்கினாள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு என் விரலைப் பார்த்தாள். அடி விழும் என்று முதுகைக் குறுக்கிக்கொண்டேன். அவள் அந்தப் படத்தையே அனுப்பினாள்.

சாயங்காலம் அப்பா கூப்பிட்டார். எல்லோரும் கேட்கும்படி அம்மா போனை நடுவில் வைத்தாள்.

"பழுத்துட்டு போலியே" என்றார் அப்பா.

"ஆமா. பழுத்துட்டு" என்றாள் அம்மா.

அவருடைய அறையில் யாரோ இருமினார்கள், பாத்திரம் உருண்டது. அப்புறம் அப்பாவின் குரல் வந்தது. "பிள்ளையளுக்குப் பறிச்சுக் குடு. எனக்குன்னு ஒண்ணும் எடுத்து வைக்க வேண்டாம்."

பேச்சு முடிந்து திரை அணைந்த பிறகும் அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் அக்காவின் கையைப் பிடித்து ஆட்டினேன். அத்தனை பழமும் எங்களுக்கே. தனக்கு ஒன்றுகூட வேண்டாம் என்று சொல்கிற அப்பா வேறு யாருக்கு இருக்கிறார்? மறுநாள் பள்ளிக்கூடத்தில் அதைப் பெருமையாக எல்லோரிடமும் சொன்னேன்.